மேல் மீனை மட்டும் அளந்த பிலோமி

ஒரு ஊர்ல ஒரு பெரிய மேதாவி இருந்தா. யாருன்னு கேக்க மாட்டியா மருமகளே? வேற யாரு, உன் அத்தை பிலோமி, நான்தான்! சிரிக்காத. படுத்துக்கிட்டே "ம்" கொட்டு.

ம். நல்ல பிள்ள.

அப்போ எனக்கு இருபத்திரெண்டு வயசு. மீன் ஆபீஸ்ல வேலை. வள்ளம் கரைக்கு வந்ததும் என்னென்ன மீன் வந்திருக்கு, எவ்வளவு நீளம்னு அளந்து நோட்டுல எழுதணும். கையில அளவுப்பலகை, கழுத்துல அட்டை. நடை மட்டும் கலெக்டரம்மா நடை, தட்டு தட்டுன்னு!

அப்புறம், கூடை பொத்துன்னு இறங்கும். வள்ளக்கார கஸ்பார் அண்ணன், மேல கிடக்குற பெரிய விளமீனா பாத்து எடுத்துக் குடுப்பாரு. பளபளன்னு இருக்கும். அதை அளந்துட்டு நான் டீ குடிக்கப் போயிருவேன். அடியில கைய விட்டா சேலையெல்லாம் செதிலாயிரும்லா?

மொத மாசம், மீன் பிரிக்கிற வியாகுலம் அக்கா கேட்டா: "ஏ புள்ள, அடியில பூரா விரல் நீளத்துக் குஞ்சால்லா கிடக்கு. அளக்கலியா?"

"இதுக்குன்னு ஒரு முறை இருக்குக்கா"ன்னேன். என்ன முறை? ஒரு மண்ணும் கிடையாது.

ரெண்டாவது மாசம், எங்க அம்மா குழம்புக்கு மீன் வாங்கிட்டு வந்தா. சட்டியில பாத்தா அத்தனையும் பொடிக்குஞ்சு. "கரையில பெரிய மீனே இல்லடி"ன்னா. நான் நோட்டை விரிச்சேன். "இங்க பாரும்மா, சராசரி ஒன்றரைச் சாண்!"

"அப்போ நோட்டை அரிஞ்சு குடு, குழம்பு வைக்கேன்"ன்னா அம்மா.

அதுக்கும் எனக்குப் புத்தி வரல. ம் சொல்லு. ம்.

மூணாவது மாசம் ஊர்க்கூட்டம். ஒரு விரல்கூட நுழையாத சின்னக்கண்ணு வலை வேணுமா வேண்டாமான்னு பேச்சு. விளமீன் சாணுக்கு மேல வளந்தாத்தான் சினை பிடிக்கும். அதுக்கு முன்னாலயே அள்ளிட்டா, அப்புறம் கடல்ல குஞ்சு எப்படி வரும்? எல்லாரும் என் மூஞ்சியப் பாத்தாங்க. க்ஹும்னு கனைச்சேன்.

"நம்ம கடல்ல குறையே இல்ல. மீனெல்லாம் பெருசு பெருசா வளருது!"

படபடன்னு கைதட்டு! அந்த வலையே இருக்கட்டும்னு முடிவெழுதப் போனாங்க. அப்போ வியாகுலம் அக்கா எந்திரிச்சு வந்தா. அன்னைக்கு வந்த கூடையை நடுவுல கவுத்தா. சளசளசளன்னு கொட்டுச்சு. மூணே மூணு பெரிய மீன். மிச்சமெல்லாம் குஞ்சு.

"இப்ப அள"ன்னா.

அளந்தேன். அம்பது குஞ்சு அளந்தேன், ஒண்ணுகூடச் சாணைத் தொடல.

"எல்லா வள்ளத்துக் கூடையும் இப்படித்தானாம்மா?"ன்னு கஸ்பார் அண்ணன் கேட்டாரு.

பொய் சொன்னா வேலை தப்பிக்கும். "தெரியாதுண்ணே. சேலை கெட்டுரும்னு நான் எந்தக் கூடையிலயும் அடியில கைய விட்டதே இல்ல"ன்னுட்டேன்.

ஊரே குபீர்னு சிரிச்சுது. நானும் சிரிச்சேன், அழுதுக்கிட்டேதான். கஸ்பார் அண்ணன் மட்டும் சிரிக்கல. "பெருமைக்குப் பெருசா எடுத்துக் குடுத்தது நான்தான"ன்னு தலையக் குனிஞ்சாரு. சின்னக்கண்ணு வலை வேண்டாம்னு முடிவாச்சு, மொதல்ல அவர் வலையத்தான் சுருட்டுனாங்க.

அந்த வருஷம் மீன்வரத்து குறைஞ்சு பாதி வீட்டுல வெறுங்கஞ்சி. நானோ முழங்கை வரைக்கும் கூடைக்குள்ள! நாத்தம் தாங்காம பஸ்ல ஒரு சீட்டு முழுசா எனக்கே விட்டுக் குடுத்தாங்கன்னா பாத்துக்கோ.

அடுத்த வருஷம் ஒருநாள், வியாகுலம் அக்கா கூடைக்கு அடியில இருந்து ஒரு விளமீனை உருவி, என் பலகையில வச்சா. சாணைத் தாண்டி நாலு விரல். வயித்துல சினை. நான் மூணு தடவை அளந்தேன்.

"ஏன் புள்ள, மீன் மேல நம்பிக்கை இல்லியா?"ன்னா.

"மீனை நம்புறேன்க்கா. அளக்குறவளைத்தான் நம்ப முடியல"ன்னேன்.

கதை கரையேறிருச்சு, நீ கண்ணயரு மருமகளே.