ஊருக்கெல்லாம் சேர்த்து ஒருவன் கை கழுவிய கதை

பஸ் வந்து திரும்பிப் போகிற இடத்துக்கும் மேலே, இரண்டு மலை ஏறினால் கரடிச்சோலை. அந்த ஊர்க்காரர்கள் யார் என்ன சொன்னாலும் தட்டாமல் செய்வார்கள். வம்பே அங்கேதான். கேளுங்கள், சிரிப்பு வந்தால் அடக்கிவைத்து, கடைசியில் மொத்தமாகச் சிரித்துக்கொள்ளலாம்.

போன மழைக்காலத்தில் பொங்காயியின் மகள் தேனுவுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. மூன்று வயசுப் பிள்ளை. கம்பளியில் தூளி கட்டி, மூங்கிலில் கோத்து, தோளில் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பிழைத்ததே பெரிய விஷயம். "இந்த மழைக்கும் வந்தா பிள்ளை தாங்காது" என்று பொங்காயி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதனால் இந்தத் தடவை மழைக்கு முன்னாடியே நர்ஸ் ரெபேக்கா மலையேறி வந்தார். ஊரை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார்.

"தண்ணியைக் கொதிக்க வச்சு, ஆற வச்சுக் குடிக்கணும். சாப்பிடறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கை கழுவணும். சட்டியை ஈ மொய்க்காம மூடி வைக்கணும். கக்கூசுக்குச் செருப்புப் போட்டுட்டுப் போகணும். ஊரே சேர்ந்து செஞ்சாத்தான் தேனு நல்லா இருப்பா."

ஊரே தலையாட்டியது. நர்ஸ் சந்தோஷமாக இறங்கிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் நாட்டாமை கொன்னையன் கூட்டம் போட்டார். கரடிச்சோலையில் ஊர் வேலை எதுவானாலும் வீட்டுமுறைதான். ஒரு வீடு காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்கும், மற்ற வீடுகள் தூங்கும். ஒரு வீடு ஆடு மேய்க்கும், எல்லா வீட்டு ஆட்டுக்கும் வயிறு நிறையும். இதுவரை அதில் ஒரு குறையும் வந்ததில்லை.

"ஊரே சேர்ந்து செய்யணும்னு நர்ஸம்மா சொல்லிட்டுப் போயிருக்கு. அப்ப இது ஊர் வேலை. பங்கு பிரிச்சுக்குவோம்" என்றார் நாட்டாமை.

கை கழுவும் வேலை சின்னாண்டி வீட்டுக்கு. கொதித்த தண்ணீரைக் குடிக்கும் வேலை வெள்ளையன் வீட்டுக்கு. சட்டி மூடுவது நல்லாயி வீட்டுக்கு. செருப்புப் போடுவது கொஞ்சம் கௌரவமான வேலை என்பதால் நாட்டாமையே எடுத்துக்கொண்டார்.

பொங்காயி எழுந்தாள். "எல்லாருக்கும் குடுத்தீங்க. எங்க வீட்டுக்கு?"

நாட்டாமை தாடையைச் சொறிந்தார். "கவலைப்படற வேலை ஒண்ணு மிச்சமிருக்கு."

"அதைத்தான் போன வருசத்துலருந்து பாத்துட்டு வர்றேனே."

"அப்ப அனுபவம் இருக்கு. நீயே வச்சுக்க."

மறுநாள் பொழுது விடிந்ததும் சின்னாண்டி சோப்போடு ஓடைக்கரையில் குத்தவைத்தான். எந்த வீட்டில் களி கிண்டி இறக்கினாலும் வாசலில் வந்து நின்று கூப்பிடுவார்கள்.

"சின்னாண்டி, எங்க வீட்டுக்குக் கழுவியாச்சா?"

"ஆச்சு மாமா, உண்ணுங்க."

உடனே சாணி அள்ளின கை, சேறு அளைந்த கை எல்லாம் நிம்மதியாகக் களிக்குள் போகும். சின்னாண்டியின் கை ஊறப்போட்ட மொச்சை மாதிரி சுருங்கிவிட்டது. ஒரு சட்டி கழுவித்தரச் சொன்னாள் பெண்சாதி. "இது ஊர்க்கை புள்ள. வீட்டு வேலைக்கு எடுக்கக் கூடாது" என்றுவிட்டான்.

வெள்ளையன் பாடு அதைவிட மோசம். ஊருக்கே சேர்த்துக் குடிக்க வேண்டும். நடந்தால் வயிற்றுக்குள் தண்ணீர் அலையடித்தது. "நேத்து நாட்டாமை வீட்டுக்கு விருந்தாளி வந்துட்டாங்க. அவங்க பங்கையும் குடிச்சேன்" என்று புரையேறிக்கொண்டே சொன்னான். மற்றவர்கள் எப்போதும்போல ஓடையில் மொண்டு குடித்தார்கள்.

நல்லாயி தன் சட்டியை மூடினவள் திறக்கவே இல்லை. திறந்தால் ஊர்ச்சோற்றிலெல்லாம் ஈ உட்கார்ந்துவிடும் அல்லவா? அதனால் அவள் வீட்டார் பக்கத்து வீட்டுத் திறந்த சட்டியில்தான் சாப்பிட்டார்கள். நாட்டாமைக்கோ உட்கார நேரமில்லை. கக்கூசுக்கு யார் சொம்பைத் தூக்கினாலும் அவர் ஓடிப்போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். காலை நேரத்தில் ரொம்பக் கஷ்டம்.

மழை பிடித்தது. தேனுவுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது.

ஊர் திகைத்துப்போனது. ஆளை நர்ஸிடம் அனுப்பிவிட்டு, யார் வேலையில் குறை என்று விசாரணை நடத்தினார்கள்.

"மச்சான், மத்தியானம் கண்ணசந்தியா? சோப்பு வறண்டு கிடந்துச்சே" என்றான் வெள்ளையன்.

"நான் அசரலை. நீதான் ஒரு சொம்பை ஆற விடாமக் குடிச்சே. நாக்கு வெந்ததை ஊரே பாத்துச்சு" என்றான் சின்னாண்டி.

எல்லாரும் பொங்காயியைப் பார்த்தார்கள். அவள் மடியில் தேனு துவண்டு கிடந்தாள். கண் உள்ளே போயிருந்தது.

"என்னைப் பாக்காதீங்க. நான் ஒரு நிமிசம் கவலைப்படாம இருந்ததில்லை" என்றாள் பொங்காயி.

நர்ஸ் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார். வெள்ளையன் வீட்டுக் கொதித்து ஆறின தண்ணீரை அளந்து ஊற்றி, உப்புச்சர்க்கரைப் பொட்டலத்தைக் கரைத்து, டம்ளரில் எடுத்து நீட்டினார். வெள்ளையன் பெருமூச்சு விட்டபடி அதை வாங்கி வாயில் கவிழ்த்துக்கொண்டான்.

"ஏன்யா நீ குடிக்கிற?"

"குடிக்கிற முறை எங்க வீட்டுதுங்க."

அப்போதுதான் நர்ஸுக்கு விஷயம் முழுக்கத் தெரிந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் பொங்காயி டம்ளரைப் பிடுங்கினாள். "ஊர் முறையெல்லாம் வாசலோட நிக்கட்டும். நீ குடிச்சு இவ நாக்கு நனையலையே அண்ணே" என்று சொல்லி, பாத்திரத்தில் கரைத்திருந்த மிச்சத்தைத் தேனுவுக்குக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள். நர்ஸ் இரண்டு நாள் தங்கினார். ஊரை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவர் கையையும் அவரவரே கழுவவைத்தார். பங்கு போட்ட வேலையெல்லாம் எல்லா வீட்டுக்கும் முழுசாகப் போனது. மூன்றாம் நாள் தேனு எழுந்து உட்கார்ந்து களி கேட்டாள்.

கிளம்பும்போது நர்ஸ் சொன்னார்: "நோய் முத்தின பிறகு ஓடி வர்றீங்க. இனிமே முன்னாடியே வந்து சொல்லிடணும்."

ஊர் தலையாட்டியது.

மறுநாள் காலையில் நர்ஸ் வீட்டுக் கதவைத் தட்டினான் சின்னாண்டி. மூச்சு வாங்கியது. காலெல்லாம் அட்டைக்கடி.

"தேனுவுக்கு மறுபடியுமா?"

"இல்லைங்க. நல்லா இருக்கா. எழுந்ததும் ரெண்டு உருண்டை தின்னா."

"அப்புறம் ஏன்யா இப்படி ஓடி வந்தே?"

"முன்னாடியே வந்து சொல்லச் சொன்னீங்களே. இன்னும் நோய் வரலைங்க. அதான் வந்தேன்."

நர்ஸ் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "சரி, உக்காரு. டீ போடறேன்."

"நேரமில்லைங்க. நான் போய்ச் சேர்ந்தாத்தான் நாட்டாமை கிளம்ப முடியும்."

"அவர் எதுக்கு வர்றாரு?"

"நான் கிளம்பி வந்த பிறகும் அவளுக்கு ஒண்ணும் ஆகலைன்னு யாராச்சும் வந்து சொல்ல வேண்டாமாங்க?"