காட்டுவள்ளிக் குழிகள்

"நான் எங்க தப்புப் பண்ணினேன்னு நீதான் சொல்லணும் தாயி."

கேட்டவர் சோணாசலம். கேட்டது சடைச்சியிடம். அவள் குடிசை வாசலில் உட்கார்ந்து, தங்கச்சியின் மூன்று மாதக் குழந்தையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை அழுதது. அழுவதற்கும் தெம்பில்லாத அழுகை.

"பால் பத்தல. அவ வயித்துல ஏதாவது இருந்தாத்தானே ஊறும்" என்றாள் சடைச்சி, யாரிடமோ சொல்வதுபோல.

சோணாசலம் தலையைக் குனிந்துகொண்டார்.

நாற்பது வருஷம் அடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கைகட்ட வைத்த வாத்தியார் அவர். இப்போது தன்னைவிட இருபத்தைந்து வயது சின்னவள் முன்னால் தானே கைகட்டி நின்றார். யார் கேட்டாலும் சடைச்சிதான் தன் குரு என்பார். அவளுக்கு அதைக் கேட்டால் சிரிப்பு வரும். எழுத்துக் கூட்டத் தெரியாதவளுக்கு ஒரு வாத்தியார் சிஷ்யன்!

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் முதன்முதலாக மலையேறி வந்ததும் ஒரு கேள்வியோடுதான்.

"காலையில பிரேயர்ல நிக்கிற பிள்ளைக பொத்துப் பொத்துன்னு மயங்கி விழுது தாயி. மூணு வேளையும் வெள்ளைச் சோறு. உங்க பிள்ளைக மட்டும் எப்படி இந்த மலையில ஓடி ஏறுது?"

அவள் தோண்டுகம்பைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். அவர் பின்னாலேயே போனார். ஒரு கோடை முழுக்கப் போனார்.

காட்டுவள்ளிக் கிழங்கை அப்போதுதான் கண்டார். காய்ந்த கொடியை வைத்து அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கக் கற்றார். பாறை இடுக்கில் கை முழுக்க விட்டுத் தோண்டக் கற்றார். உப்புப் போட்டு அவித்துச் சுடச்சுடத் தின்றார். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு கீழே இறங்கினார்.

வாத்தியார் வாய் சும்மா இருக்குமா? கோயில் கொடை, கல்யாண வீடு, உணவுத் திருவிழா என்று கூட்டம் கூடிய இடமெல்லாம் பேசினார். அவித்த கிழங்கைத் தட்டில் வைத்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். தின்றவர்கள் இன்னொரு துண்டு கேட்டார்கள். அவருடைய பழைய பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நாள் பிள்ளைகளுக்குக் கிழங்கு போட்டார்கள். பிள்ளைகள் கேட்டு வாங்கித் தின்றதைப் பார்த்து அவர் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

பிறகு கிழங்கு தோண்டக் கீழேயிருந்து வேன்கள் வந்தன.

காப்பித் தோட்டத்து வேலை முடிந்துபோகும் மாசியிலும் பங்குனியிலும் மலைக்காரர்களுக்கு அந்தக் கிழங்குதான் சோறு. ரேஷன் அரிசி பாதி மாதத்தைத் தாண்டாது. இது பங்குனி. மலையில் கிழங்கு இல்லை.

அந்தச் சேதி கேட்டுத்தான் சோணாசலம் ஓடி வந்திருந்தார்.

சடைச்சி குழந்தையை உள்ளே தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு, தோண்டுகம்பை எடுத்தாள்.

"வாங்க வாத்தியாரே."

நடந்தார்கள்.

முதல் குழி ஓடைக்கரையில் இருந்தது. தோண்டி அப்படியே விட்டிருந்தார்கள். அதற்கப்பால் இன்னொன்று. மூங்கில் புதருக்குப் பக்கத்தில் நாலைந்து. சரிவு முழுக்க வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. சோணாசலம் எண்ணிக்கொண்டே வந்தார். நாற்பதுக்கு மேல் எண்ண மனசு வரவில்லை.

"மேடையில என்ன சொன்னீங்க?" என்று நடந்துகொண்டே கேட்டாள்.

"இதுல என்னென்ன சத்து இருக்குன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"எப்படி அவிக்கணும், எதைத் தொட்டுக்கிட்டுத் திங்கணும்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"கொடியை எப்படிக் கண்டுபிடிக்கிறது, எவ்வளவு ஆழம் தோண்டுறது. அதையும் சொன்னேன்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் தாயி. நோட்டுல இருந்ததை ஒண்ணு விடாமச் சொல்லிட்டேன்."

அவள் முன்னால் நடந்தாள்.

வெயில் சாயும் நேரத்தில், யானைப்பாறைக்குப் பின்னால், ஆள் நுழைய முடியாத ஒரு சந்தில், நூல் மாதிரி ஒரு காய்ந்த கொடி தொங்கியது. சடைச்சிதான் பார்த்தாள். அவரிடம் கம்பை நீட்டினாள்.

சோணாசலம் குப்புறப் படுத்துத் தோண்டினார். கல்லும் வேருமாக இருந்தது. அறுபத்திரண்டு வயசு உடம்பு முரண்டு பிடித்தது. விரல் நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. அவர் நிறுத்தவில்லை. கொடியோடு கிழங்கு முழுசாக வெளியே வந்தபோது சின்னப்பிள்ளை போலக் கத்தினார்.

"கெடச்சிருச்சு தாயி! கெடச்சிருச்சு!"

வெள்ளரிக்காய் அளவுகூட இல்லை. அதுவும் பாதிக்குமேல் முண்டும் முடிச்சுமாக இருந்தது. இருந்தாலும் கிழங்கு. மண்ணைத் துடைத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார். பத்தடி போன பிறகுதான் பின்னால் காலடிச் சத்தம் இல்லையே என்று திரும்பிப் பார்த்தார்.

சடைச்சி குழியருகிலேயே உட்கார்ந்திருந்தாள். கையை நீட்டினாள்.

அவர் திரும்பி வந்து கிழங்கைக் கொடுத்தார். அவள் கொடி முளைத்திருந்த தலைப்பக்கத்தைக் கத்தியால் நறுக்கினாள். கீழ்ப்பாதியை அவரிடம் தந்தாள். தலையைக் கொடியோடு குழிக்குள் நட்டு வைத்தாள். "இருந்துக்கோ" என்று வாய்க்குள் சொன்னாள்.

சோணாசலம் குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

இதை அவர் பார்த்திருக்கிறார். அந்தக் கோடையில் நூறு தடவையாவது பார்த்திருக்கிறார். ஒவ்வொரு குழியிலும் அவள் இப்படித்தான் செய்தாள்.

"இது..." என்றார். "இது சாமிக்குன்னு நெனச்சேன்."

"சாமிக்கா?"

"வாய்க்குள்ள ஏதோ சொல்றியே, உங்க வழக்கம்னு நெனச்சேன். நோட்டுல எழுதத்தான் செஞ்சேன். மேடையில சொன்னா நாலு பேரு சிரிப்பாங்கன்னு கோடு போட்டு அடிச்சுட்டேன்."

சடைச்சி அவரையே பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"எதுக்குன்னு எங்கிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லலியே தாயி."

"எங்க பிள்ளைகளுக்கு யாரும் சொன்னதில்ல வாத்தியாரே. பாத்துப் பாத்தே செய்யும். நீங்களும் பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க." குழியைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் தோணாமப் போச்சு" என்றாள்.

சோணாசலம் குழிக்கரையில் தொப்பென்று உட்கார்ந்தார். கையிலிருந்த கிழங்குத் துண்டைப் பார்த்தார். உள்ளங்கைக்குள் அடங்கிப்போனது. ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்குக்கூடக் காணாது.

"அது முளைச்சு மறுபடி கிழங்கு வைக்க எத்தனை நாளாகும்?"

"நல்ல மழை இருந்தா ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷம்!"

காலையில் கேட்ட அழுகை அவர் காதை விட்டுப் போகவில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் விழுந்த பிள்ளைகளையெல்லாம் ஓடிப்போய்த் தூக்கியவர் அவர். இந்தப் பிள்ளையை விழ வைத்தது அவரேதான். அந்த நினைப்பே அவரை அறுத்தது.

சடைச்சி மண்ணைத் தள்ளப்போனாள். அவர் எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் தாயி. அதையும் எடுத்துரு. முழுசா அவிச்சு உன் தங்கச்சிக்குக் குடு. நாளைக்கு ஒரு வேளையாவது அந்தப் பிள்ளைக்குப் பால் ஊறட்டும். உன் கால்ல விழுறேன்."

அவள் கை அசையவில்லை. கீழே குடிசை இருக்கும் திசையை ஒரு தடவை பார்த்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"நான் கெடுத்ததுதான். எனக்குத் தெரியும். ஆனா அந்தப் பச்சப்பிள்ளை என்ன பண்ணுச்சு? இந்த ஒரு தடவை மட்டும் தாயி. ஒரே ஒரு தடவை."

சடைச்சி தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். மண்ணைத் தள்ளினாள். குதிகாலால் மிதித்து இறுக்கினாள்.

"எல்லாரும் ஒரு தடவைதான் தோண்டுனாங்க, வாத்தியாரே."