நாச்சாயி வயித்து வளையம்

ஒரு ஊர்ல ஒரு லாரிப் பட்டறை. அதுக்குப் பின்னாடி ஈர மண்ணு. ஒரு சிட்டிகை மண்ணுல கோடிக் கிருமி குடியிருந்துச்சு. நோவு குடுக்கிற கிருமி இல்ல சாமி, மண்ணுல பாடுபட்டுத் திங்கிற கிருமி. அதுல ஒருத்திதான் நாச்சாயி. ம் சொல்லு.

அன்னைக்கு நாச்சாயி பிரியற நாளு. அவங்க பிள்ளை பெறுறதே அப்படித்தான், ஒருத்தி நடுவுல பிட்டு ரெண்டு பேராயிருவா. அப்போ பாத்து பட்டறைக்காரன் கழிவு ஆயிலைக் குபுகுபுன்னு ஊத்துனான். நாலு டின்னு... இல்ல இல்ல, மூணு.

நாச்சாயி பயப்படல. அவ வயித்துல ஒரு வளையம். ஆயிலை எப்படி வெட்டித் திங்கணும்னு பக்குவம் எழுதின வளையம். நறுக், நறுக், நறுக்குன்னு தின்னா. அப்புறம் பாத்தா வயிறு எரியுது, பக்கத்து ஆளுங்க சுருண்டு விழறாங்க. ஏன்னா ஆயிலை முழுசாத் தின்னு முடிக்க மொத்தம் ஆறு பக்குவம். அவகிட்ட இருந்தது மொத மூணு. பாதியில விட்ட மிச்சம் ஆயிலை விடப் பொல்லாத விஷம். அந்த விஷத்துல பிரிஞ்சா ரெண்டு பேருமே பொழைக்க மாட்டாங்க.

மிச்ச மூணும் கோரைப்புல்லு வேர்ல இருக்கிற மாரப்பன்கிட்ட இருந்துச்சு. அவன் வேற இனம். நாச்சாயி வாலைச் சுழட்டிக்கிட்டு ஓடுனா.

"எங்களைக் கண்டா மூஞ்சியைத் திருப்புவியே, இன்னைக்கு வழி தெரிஞ்சுதாக்கும்?"ன்னான்.

"வெக்கத்தை விட்டுத்தான் வந்தேன் அண்ணே. நான் இன்னைக்குப் பிரியணும்."

அவன் மனசு எறங்கிருச்சு. ஆனா அவன் பக்குவம் உடம்போட தைச்சிருந்துச்சு, பிச்சுக் குடுக்க முடியாது. தானாத் தாவுற தையல் அது. பக்கத்துல ஒரு வளையம் இருந்தா, இஷ்டம் வந்தா, தன்னை மாதிரியே ஒண்ணு பண்ணி அதுல போயி ஒட்டிக்கும்.

அப்போ நாச்சாயி ஒரு குழாய் நீட்டி அவனுக்குப் பாலம் போட்டா. தன் வளையத்தை அச்சு அசலா இன்னொண்ணு பண்ணி அனுப்புனா. சர்ர்ருனு போச்சு. மொத தரம் தையல் அசையவே இல்ல. ரெண்டாம் தரம் டபக்குனு தாவி, ரெண்டாம் பக்குவத்து நடுவுல விழுந்து அதை ஒடைச்சிருச்சு, அனுப்புன வளையம் வீணாப் போச்சு. பிரியற நேரம் நெருங்கி நாச்சாயிக்கு இடுப்பு ஒடுங்குது. இன்னும் ஒரே தரம்தான். ம்?

மூணாம் தரம் டபக்! மூணாம் பக்குவம் முடியற எடத்துல, நூல் பிசகாம ஒட்டிக்கிச்சு. மாரப்பன் அதே மாதிரி இன்னொண்ணு பண்ணி அனுப்ப, அது பாலத்து வழியா சர்ர்ருனு வந்து அவ வயித்துல விழுந்துச்சு. எண்ணுனா. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு. எரிச்சல் அடங்குச்சு.

அப்புறம் பட்டுனு பிரிஞ்சா. ரெண்டு பேரு, ஆறு பக்குவ வளையமும் ரெண்டு. எது தாயி எது பிள்ளைன்னு கேக்காத, ரெண்டும் நாச்சாயிதான். சுருண்டு கெடந்தவங்களுக்கெல்லாம் குழாய் நீட்டி ஆளுக்கொரு வளையம் குடுத்தாங்க. ரெண்டு நாலாச்சு, நாலு எட்டாச்சு, எட்டு பதினாறாச்சு, நறுக் நறுக்குனு மண்ணு வெளுத்துக்கிட்டே வந்துச்சு.

அப்போ மாரப்பன் தயங்கித் தயங்கி, எங்க இனத்துக்கும் ஒரு வளையம் கிடைக்குமான்னு கேட்டான்.

நாச்சாயிங்க ரெண்டு பேரும் சிரிச்சாங்க. "உன் வயித்தைப் பாரு அண்ணே. ஆறும் சேர்ந்த மொத வளையம் அங்கதான் இருக்கு."

மண்ணு வெளுத்துச்சு, கதை கரையேறுச்சு. கண்ணை மூடு சாமி.