மூன்று சாவியும் ஒரே இடுப்பில்

"அம்மா, ஒரு மனுசன் நல்லவன்னு ஊரே ஒத்துக்கிட்ட பிறகு, எதுக்கு மூணு பூட்டு?"

ஆவுடையப்பர் இப்படிக் கேட்டபோது உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆற்றங்கரை மடத்துத் துறவி அவள். வயதில் அவரைவிட இளையவள். இருந்தாலும் அவர் குருவாக ஏற்றுக்கொண்டது அவளைத்தான்.

"எந்தப் பூட்டைச் சொல்லுதீக அண்ணாச்சி?"

"வெதநெல்லுக் களஞ்சியத்துப் பூட்டுதாம்மா."

அந்தப் பூட்டுகளைப் போடச் சொன்னதே அவர்தான். இதுதான் வேடிக்கை.

ஆவுடையப்பர் ஒரு காலத்தில் துறைமுகத்தில் வெள்ளைக்காரர் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷியாக இருந்தவர். கப்பலில் வந்த வெள்ளைக்காரர்கள் சாப்பாட்டு மேசையில் ஓயாமல் சண்டை போடுவார்கள். அரசனை ஆண்டவன் அனுப்பினானா, குடிகள் ஒத்துக்கொண்டதால் அவன் அரசனா? சட்டம் செய்கிறவனே அதை நடத்தவும் செய்து, தீர்ப்பும் சொன்னால் என்ன ஆகும்? பின்னால் நின்றபடி அவர் எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டார்.

ஊர் திரும்பியபோது ஊரில் அரசன் இல்லை. பஞ்ச வருஷத்தில் களஞ்சியத்தைத் திறந்து, விதைநெல்லை வண்டி கட்டிக் கொண்டுபோனவன் அவன். அடுத்த போகம் விதைக்க நெல் இல்லை. நிறைய வீடுகளில் பிள்ளைகள் செத்தன. பிறகு ஒரு போரில் தோற்று ஓடிப்போனான். போனது நல்லதுதான். ஆனால் அவன் போன பிறகு, அவரவர் அரிவாளோடு அவரவர் வாசலில் உட்கார்ந்துகொண்டார்கள்.

ஆவுடையப்பர்தான் எல்லாரையும் கூட்டி உட்காரவைத்தார். யாருக்கு எவ்வளவு நெல் என்று ஊர்ச்சபை முடிவு செய்யும். அளந்து கொடுப்பவன் சடையாண்டி. வழக்கு வந்தால் கேட்பவர் ஆவுடையப்பர். ஆளுக்கு ஒரு சாவி. மூன்றும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும்.

ஊர் பிழைத்தது.

பிழைத்ததும் ஊருக்கு அவர்மேல் பாசம் பொங்கிவிட்டது. "உங்களை நம்பாம வேற யாரை நம்ப?" என்று சடையாண்டி தன் சாவியை அவரிடமே கொடுத்துவிட்டான். ஊர்ச்சபை மட்டும் சும்மா இருக்குமா? அதுவும் தன் சாவியைத் தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுத்தது.

இப்போது மூன்று சாவியும் அவர் இடுப்பில். நடந்தால் கிலுகிலுவென்று சத்தம். அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது.

"நான் ஒரு மணி நெல்லு திருட மாட்டேன். உங்களுக்கே தெரியும்."

"தெரியும்" என்றாள் உலகம்மை.

"அப்புறம் என்னம்மா?"

அவள் கீரையைச் சட்டியில் அள்ளிப் போட்டாள்.

"மடத்துல உலை வைக்க அரிசி இல்லை அண்ணாச்சி. ஒரு மூட்டை நெல்லு கிடைக்குமா?"

குரு இதுவரை அவரிடம் எதையும் கேட்டதே இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மறுபேச்சு இல்லாமல் எழுந்து போனார்.

வெயில் ஏறுவதற்குள் மூட்டையோடு திரும்பினார். வேர்த்துக் கொட்டியது. முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"வழியில யாரும் பாக்கலையா?" என்று உலகம்மை கேட்டாள்.

"பாக்காம? ஊரே பாத்துச்சு. கும்பிட்டுட்டு வழி விட்டாங்க. சடையாண்டிதான் மூட்டையைத் தோள்ல ஏத்தியே விட்டான்."

"எங்க கொண்டு போறீகன்னு கேட்டானா?"

"கேக்கலை" என்றார் ஆவுடையப்பர்.

மூட்டையைப் பார்த்தார். விதைநெல். அடுத்த போகத்துக்கு ஊர் எடுத்து வைத்திருந்தது. ஓடிப்போன அரசன் வண்டி கட்டியபோதாவது ஊர் அழுதது.

"நான் திருடலையேம்மா" என்றார்.

"திருடினீகன்னு நான் சொல்லலை. திரும்பக் கொண்டு போங்க. யாராவது கேட்டா அங்கேயே இறக்கி வைங்க. கேக்காத வரைக்கும் இறக்காதீக."

அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

கடைத்தெருவில் கும்பிட்டார்கள். கோயில் வாசலில் மோர் கொடுத்தார்கள். தறிக்காரத் தெருவில், 'இந்த வயசுல ஊருக்காக இப்படிச் சுமக்காரே' என்று ஒருவன் தன் மகனிடம் காட்டினான். எதற்காகச் சுமக்கிறார் என்று அவனுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. அவருக்குப் பயமாக இருந்தது. பாரத்தைப் பார்த்து அல்ல, தன்னைப் பார்த்து இவர்கள் சிரிக்கிற சிரிப்பைப் பார்த்து.

ஊரையே சுற்றிவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் மறுபடியும் களஞ்சியத்துத் தெருவுக்கே வந்துவிட்டார். சடையாண்டி ஓடிவந்து கூடவே நடந்தான். எதிரில் பேச்சி புல்லுக்கட்டோடு வந்தாள். பஞ்ச வருஷத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவள். அவள் வழி விடவில்லை.

"அது வெதநெல்லு மூட்டைல்லா? யாரைக் கேட்டு எடுத்தீரு?"

தெரு அப்படியே நின்றுவிட்டது.

"ஏட்டி, யாரைப் பாத்து என்ன கேக்க?" என்று சடையாண்டி கை ஓங்கினான்.

ஆவுடையப்பர் மூட்டையைத் தொப்பென்று இறக்கினார். ஓங்கிய அந்தக் கையைப் பிடித்தார். இடுப்பிலிருந்து அவனுடைய சாவியை அவிழ்த்து அந்த உள்ளங்கையில் வைத்து மூடினார்.

பிறகு பேச்சியின் பக்கம் திரும்பினார். அழுதுகொண்டே சிரித்தார்.

"இன்னொரு தடவை கேளு தாயி. சத்தமா கேளு."