ஓயாமல் ஓடும் இங்கிலீஷ்

விடுதிச் சமையற்கட்டில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள் முத்தழகி. பல்கலைக்கழகத்தில் முதல் வருஷம் படிக்கிறாள். சமையலுக்குக் கை கொடுப்பதால் அறை இலவசம். அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றார் துறைத்தலைவர் துரைசிங்கம்.

“போன்ல இங்கிலீஷ் கத்துக்கிறதுக்குத் துறை கொடுத்த ஆப்பை அதிக நேரம் போட்டிருக்கிறது நீதானாம். கல்வி அதிகாரி அம்மா வந்திருக்காங்க. மாணவர்கள் அதைப் பத்தி என்ன நினைக்கிறாங்கன்னு நீதான் சொல்லணும். பொய் சொன்னா கண்டுபிடிச்சுடுவாங்க. குறை சொன்னா அறையைக் காலி பண்ணிடு.”

முத்தழகி வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்தபடி, விடுதிப் பிள்ளைகள் கூடியிருந்த கூடத்தில் அதிகாரி முன்னால் போய் நின்றாள்.

“பிள்ளைங்களுக்கு ஆப் பிடிச்சிருக்காம்மா?” என்று கேட்டார் அதிகாரி.

“நிறுத்துறதே இல்லைங்கம்மா. துணி துவைக்கும்போது ஓடும், தூங்கும்போதும் ஓடும்.”

துரைசிங்கம் மீசையைத் தடவிக்கொண்டார். “பார்த்தீங்களா மேடம், என்ன ஆர்வம்!”

“இப்பவும் அறையில எல்லார் போன்லயும் ஓடிட்டுதான் இருக்குங்கம்மா. ஓடுற நேரத்துக்குத்தானே மார்க்கு.”

“பிள்ளைங்க எல்லாரும் இங்கே இருக்கீங்களே, அங்கே யார் கேட்கிறா?”

முத்தழகி அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “விடுதிப் பூனைங்கம்மா.”

கூடமே சிரித்தது. துரைசிங்கத்தின் கை மீசையிலேயே நின்றுவிட்டது. அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை.

“பயப்படாமச் சொல்லு, உன்னை யாரும் ஒண்ணும் செய்யாம நான் பார்த்துக்கிறேன். உங்களுக்கு என்னதான் வேணும்?”

“ஆப் அது பாட்டுக்கு இருக்கட்டுங்கம்மா. நாங்க தப்புத் தப்பாப் பேசினாலும் சிரிக்காம, எதிர்ல உட்கார்ந்து திருத்துறதுக்கு ஒரு டீச்சர்...”

சமையற்கட்டிலிருந்து சமையல்காரம்மாவின் குரல் வந்தது: “ஏ முத்தழகி! குழம்பு கொதிக்குது, வெங்காயம் எங்கடி?”