அடியிலிருந்து நாலரைச் சுற்று

மீனவர் சங்கத்தின் வயர்லெஸ் செட் ஊமையாகிவிட்டது. ஊமையாக்கியவர் கஸ்பார்.

கெடுக்க வேண்டும் என்று செய்யவில்லை. திருத்தமாகச் செய்ய வேண்டும் என்று செய்தார். அதனால்தான் அவ்வளவு மோசமாகக் கெட்டது.

கஸ்பாருக்கு வயது அறுபத்தொன்று. முப்பது வருஷம் சரக்குக் கப்பலில் எலெக்ட்ரீஷியன். ஓய்வு பெற்று ஊருக்கு வந்ததும் அமலோற்பவத்திடம் போய், "எனக்குச் செட் வேலை சொல்லித் தரணும்" என்று நின்றார். அவளுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. ஐ.டி.ஐ.யில் ரேடியோ மெக்கானிக் வகுப்பு நடந்தவரை பாடம் எடுத்தவள். வகுப்பை மூடியதும் ஊருக்கே வந்து, கரைச் செட், மீன்பிடி லாஞ்சிகளின் செட், கோயில் ஆம்ப்ளிஃபயர் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊருக்கு அவள் டீச்சர். கஸ்பாருக்கும் டீச்சர்.

முந்தின நாள் டீச்சர் வெளியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். செட்டில் ஒரே இரைச்சல். சங்கச் செயலாளர் தார்சியுஸ் கஸ்பாரைப் பிடித்துக்கொண்டார்.

"கப்பலையே ஓட்டின ஆளு. இந்தப் பெட்டியப் பாக்க மாட்டீராக்கும்?"

கஸ்பார் பார்த்தார். ஒரு கெப்பாசிட்டர் உப்பியிருந்தது. மாற்றினார். இரைச்சல் நின்றது. அத்தோடு எழுந்து போயிருக்கலாம்.

போகவில்லை. உள்ளே வருஷக்கணக்கில் சேர்ந்த தூசி. தூரிகையால் தட்டினார். ஸ்பிரிட்டால் துடைத்தார். ஐந்து சின்ன அலுமினிய டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு திருகு, தளர்ந்து மேலே நின்றது. கப்பல்காரன் கண்ணுக்குத் தளர்ந்த திருகு ஆகாது. இன்ஜின் அதிர்கிற அதிர்ச்சியில் ஒரு திருகு கழன்றால் ஓர் உயிர் போகும் என்று படித்த கை அது. ஐந்தையும் அடிவரை இறுக்கினார். மறுபடி தளராமல் இருக்க, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பொட்டுச் சிவப்புப் பெயின்ட் வைத்தார்.

மேல்மூடியில் துரு. அதைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்க வீட்டுக்கு எடுத்துப் போனார்.

அன்று ராத்திரி செட் சத்தமே போடவில்லை. குணமாகிவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

காலை எட்டு மணிக்குக் காற்று அறிவிப்பு வந்தது. சாயங்காலத்துக்குள் வாடைக் காற்று பலமாக எழும். கடலில் இருப்பவர்கள் உடனே கரை சேர வேண்டும். தார்சியுஸ் மைக்கை அமுக்கிக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். பதினொரு லாஞ்சி கடலில் இருந்தது. ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. செல்போன் அவ்வளவு தூரம் எடுக்காது. பக்கத்து ஊர்ச் செட்டிலிருந்து கூப்பிடச் சொன்னார். அவர்கள் கம்பம் குட்டை. எட்டவில்லை.

பதினொன்றில் ஒன்று 'விண்ணரசி'. அதில் கஸ்பாரின் மருமகன் லியோன் இருந்தான்.

டீச்சர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே சங்கத்துக்கு வந்தாள். ஒன்பது மணி. பையை வைத்தாள். கல்யாணச் சேலையோடு செட்டின் முன்னால் உட்கார்ந்தாள்.

"என்ன செஞ்சீங்க அண்ணே? ஒண்ணுவிடாமச் சொல்லுங்க."

"கெப்பாசிட்டர் மாத்தினேன். தூசி தட்டினேன்."

"வேற?"

"துடைச்சேன்."

"வேற?"

"அவ்வளவுதான் டீச்சர்."

அப்போது அது பொய் இல்லை. திருகு இறுக்குவதெல்லாம் ஒரு வேலை என்று அவர் நினைக்கவே இல்லை. சட்டைப் பொத்தான் போட்டதை யாராவது கணக்கில் சொல்வார்களா?

இந்தச் செட்டின் உள்ளே கை வைக்கும் அவசியம் டீச்சருக்கு இதுவரை வந்ததில்லை. கெப்பாசிட்டரிலிருந்து தொடங்கினாள். மின்சாரம் வருகிறது. சரி. மைக் சரி. ரிலே சரி. ஒயரை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். மாடியில் ஏறி ஆன்டெனாவைப் பார்த்துவிட்டு இறங்கினாள். ஜன்னலுக்கு வெளியே பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். யாரும் உள்ளே வந்து கேட்கவில்லை. செட் பேசினால் தெரியும்.

தார்சியுஸ் உள்ளேயும் வெளியேயும் நடந்தார்.

"மூணு மணிக்குள்ள கடல்ல இருந்து கிளம்பாத லாஞ்சி இன்னைக்குக் கரை காணாது. ஓய் கஸ்பாரு, கல்லு மாதிரி நிக்கீரே. ஏதாவது சொல்லும்வே."

"டீச்சர் பாத்துட்டு இருக்காங்கல்லா."

பதினொரு மணிக்கு டீச்சரின் விரல் அந்த ஐந்து டப்பாக்களின் மேல் வந்து நின்றது.

"இதான் செட்டோட உயிர்" என்றாள், அந்த அவசரத்திலும் பாடம் எடுக்கிறவள்போல. "உள்ள ஒரு சுருள். இந்தத் திருகு அதுக்குள்ள ஒரு நூல் ஏறினாலும் போச்சு, இறங்கினாலும் போச்சு. நல்லவேளை, யாரோ சிவப்பு வச்சுப் பூட்டியிருக்கான். அசையல."

விரல் நகர்ந்து அடுத்த பகுதிக்குப் போனது.

அப்போதுதான் கஸ்பாருக்குப் புரிந்தது. சிவப்பு வைத்தவன் அவள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறான். ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை வாய்வரை வந்தது. வாசலில் தார்சியுஸ் நின்றார். ஜன்னலில் இருபது முகங்கள். முப்பது வருஷம் கடலில் சம்பாதித்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. 'டீச்சரே கண்டுபிடிப்பாள்' என்று தன்னிடமே சொல்லிக்கொண்டார். 'இன்னும் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடிப்பாள்.'

அவள் கண்டுபிடிக்கவில்லை. பூட்டு வைத்த இடத்தை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள் என்பது அந்த வேலையின் வழக்கம். அவர் வைத்த பூட்டை அவள் நம்பினாள்.

பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. காற்றில் தென்னை ஓலை ஒரே பக்கமாகச் சாய ஆரம்பித்தது.

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு, அவசரத்தில் மறந்த எதையோ தேடுவதுபோலச் சுற்றிப் பார்த்தாள்.

"மூடி எங்க?"

"வீட்ல இருக்கு. பெயின்ட் அடிக்க எடுத்துட்டுப் போனேன்."

முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது.

"உள்பக்கமுமா?"

"இல்ல. வெளிப்பக்கம் ஆச்சு. உள்பக்கம் இன்னைக்குத்தான்..."

"ஓடுங்க!"

ஓடினார். வீட்டு முற்றத்தில் மூடி சாத்தி வைத்திருந்தது. பக்கத்தில் பெயின்ட் டப்பா, பிரஷ். மகள் சிந்தாத்திரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, அவங்ககிட்டப் பேசியாச்சா?"

"பேசுவாங்கம்மா" என்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மூடியைக் கொண்டுவந்து நீட்டினார். உள்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. செட்டைத் திறந்த ஒவ்வொருவரும் என்ன செய்தோம் என்று மூடியின் உள்ளே எழுதி, பெயர் போட்டு மூடுவது அந்தக் கரையில் மெக்கானிக்குகளின் பழக்கம். கஸ்பார் அதைப் பார்த்திருந்தார். கிறுக்கல் என்று நினைத்திருந்தார்.

டீச்சரின் ஒரு கையில் மீட்டர் முள், இன்னொரு கையில் ஒயர். தலையைத் திருப்பவில்லை.

"படிங்க. மேலயிருந்து. ஒண்ணுவிடாம."

கஸ்பார் கண்ணாடியை மாட்டினார்.

"தொண்ணூத்தாறு, பிப்ரவரி ஏழு. பியூஸ் மாற்றினேன். இரண்டு ஆம்பியர் போடு. ஐந்து போடாதே. ஞானசீலன்."

"ம்."

"தொண்ணூத்தெட்டு, அக்டோபர் பத்தொன்பது. ரிலே ஒட்டுகிறது. சுத்தம் செய்தேன். மறுபடி ஒட்டும். ஞானசீலன்."

"ம். அடுத்தது?"

கஸ்பார் அடுத்ததைப் படிக்கவில்லை. கண் படித்துவிட்டது. வாய் படிக்கவில்லை.

டீச்சரின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். தார்சியுஸுக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாது. இதை விட்டுவிட்டு அதற்கடுத்ததைப் படிக்கலாம். பிறகு டீச்சரைக் கொஞ்சம் விலகச் சொல்லி, தானே ஏதோ கண்டுபிடித்தவர்போல ஐந்து திருகையும் திருப்பலாம். செட் பேசும். லியோன் வருவான். ஊர் கைதட்டும். எல்லாம் ஒரு மூச்சு நேரத்தில் மனதில் ஓடியது.

"அண்ணே?"

"இரண்டாயிரத்து மூணு, ஜூன் பதினாலு" என்றார் கஸ்பார். "என் தப்பு. ஐந்து டப்பாவிலும் திருகு தளர்ந்திருக்கிறது என்று நினைத்து அடிவரை இறுக்கிவிட்டேன். அது தளர்வு இல்லை. அதன் இடமே அது. செட் செத்தது. மூன்று நாள் திருப்பித் திருப்பி இடம் கண்டேன். அடியிலிருந்து பின்னால்: நாலரைச் சுற்று, மூன்று, ஐந்தே கால், மூன்று, ஆறு. எவனும் இறுக்காதே. ரெமிஜியுஸ்."

டீச்சர் மீட்டரைக் கீழே வைத்தாள். ஐந்து சிவப்புப் பொட்டையும் பார்த்தாள். நகத்தால் ஒன்றைக் கீறினாள். புதுப் பெயின்ட், மெத்தென்று பெயர்ந்தது.

"நீங்களா அண்ணே?"

"நான்தான்."

"எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

கஸ்பார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றரை.

"பதினொரு மணிக்கு."

தார்சியுஸின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வார்த்தை இல்லை. டீச்சர் கை காட்டி அவரை நிறுத்தினாள். பையிலிருந்து பிளாஸ்டிக் திருப்புளியை எடுத்துக் கஸ்பாரிடம் நீட்டினாள்.

"நானா?"

"எவ்வளவு இறுக்கினோம்னு உங்க கைக்குத்தான் தெரியும்."

"தப்பா எண்ணிட்டேன்னா டீச்சர்?"

"நான் கேட்டுட்டு இருப்பேன். சத்தமா எண்ணுங்க."

எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. அரை. அடுத்த டப்பா. ஜன்னலுக்கு வெளியே பெண்களும் உதட்டுக்குள் எண்ணினார்கள். என்ன எண்ணுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. ஐந்தாவது டப்பாவில் ஆறு என்று அவர் சொல்லி முடிக்கவில்லை, செட் கரகரத்தது. கரகரப்புக்குள் யாரோ யாரையோ திட்டுகிற குரல் கேட்டது. கடலில் ஒருவன் இன்னொருவனிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அந்தக் கெட்ட வார்த்தையைக் கேட்டு ஒரு பெண் அழுதாள்.

தார்சியுஸ் மைக்கைப் பிடுங்கினார்.

பத்து லாஞ்சி உடனே பதில் சொன்னது. எல்லாம் வலையை வாரிக்கொண்டு திரும்பின. பதினொன்றாவது பதில் மெலிசாக வந்தது. விண்ணரசி ரொம்பத் தூரத்தில் இருந்தது. வலை முழுக்கத் தண்ணீரில்.

"வலையை இழுக்க மூணு மணி நேரம் ஆகும்" என்றது லியோனின் குரல்.

தார்சியுஸ் கஸ்பாரைப் பார்த்தார். பிறகு மைக்கில் சொன்னார்.

"இழுக்காத. அறுத்துவிட்டுட்டு வா."

விளக்கு வைக்கிற நேரத்துக்கு விண்ணரசி வந்து சேர்ந்தது. கடைசி லாஞ்சி. அதற்குப் பிறகு கடலில் யாரும் இருந்திருக்க முடியாது.

லியோன் ஈரத்தோடு கரையில் உட்கார்ந்தான்.

"உசுரு வந்துது. அது போதும். ஆனா ஒரு ரெண்டு மூணு மணி நேரம் முன்னால சொல்லியிருந்தா வலையும் வந்திருக்கும் மாமா."

"சொல்லியிருக்கலாம். நான்தான் சொல்லல" என்றார் கஸ்பார். நடந்ததை முழுக்கச் சொன்னார். லியோன் கேட்டான். எழுந்து போனான். அடுத்த எட்டு நாள் மாமனாரோடு பேசவில்லை. எட்டு நாளும் கஸ்பார் சிந்தாத்திரையோடு உட்கார்ந்து புது வலைக்கு மிதவை கட்டினார்.

காற்று அடங்கிய அன்று டீச்சர் சங்கத்துக்கு வந்தாள். மூடியை மேசைமேல் கவிழ்த்துப் போட்டுப் பென்சிலை நீட்டினாள்.

"என்ன எழுத?" என்றார் கஸ்பார்.

"செஞ்சதை."

நிறைய நேரம் எழுதினார். கெப்பாசிட்டர். தூசி. ஐந்து திருகு. சிவப்புப் பெயின்ட். 'தெரிந்தது பதினொரு மணி. சொன்னது ஒன்றரை மணி.' அதற்குமேல் பென்சில் ஓடவில்லை. பெயரைப் போட்டார்.

டீச்சர் படித்தாள். ஒரு எழுத்துக்கூட மாற்றச் சொல்லவில்லை. மூடியைச் செட்டின்மேல் வைத்தாள்.

அப்போது தார்சியுஸ் உள்ளே வந்தார். கையில் ஒரு பொன்னாடை, கடைக் கவரோடு.

"கமிட்டி முடிவு டீச்சர். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கூட்டம். செட்டைச் சரி பண்ணின ஆளுக்குப் போர்த்தணும்னு சொல்லிட்டாங்க. அதுல ஒரு தகராறு. பாதிப் பேரு உங்க பேரச் சொல்லுதான். பாதிப் பேரு, திருப்பினது கஸ்பாருதான, கெடுத்தாலும் உண்மையச் சொன்னாருல்லா, அவருக்குத்தான்னு சொல்லுதான். நீங்களே சொல்லுங்க. யாருக்கு?"

கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டார்.

டீச்சர் மூடியின் நாலு மூலையிலும் திருகு மாட்டினாள். பதறவில்லை. கடைசித் திருகை முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எங்க ரெண்டு பேருக்கும் இல்ல."

"பின்ன யாரு சரி பண்ணினது?"

"ரெமிஜியுஸ்."