மிளகாய் நெடி

யாகப்பன் டாக்டருக்குத் தலை நரைத்துவிட்டது. சொந்த கிளினிக்கை நன்றாகவே ஓட்டிக்கொண்டிருந்த மனுஷர், தொண்டை அடைப்பானுக்கு, அதாவது டிப்தீரியாவுக்கு, வைத்தியம் கற்கவேண்டும் என்று, தன்னைவிடச் சின்னவரான செங்கமலம் டாக்டரிடம் சீடராக வந்து சேர்ந்தார்.

அவர் பொறுப்பில் விட்ட முதல் பிள்ளை பூங்கோதை. எதிர்நஞ்சு ஊசி போட்டு, மருந்து கொடுத்து, காய்ச்சல் விட்டது. தொண்டையில் படர்ந்திருந்த சாம்பல் படலமும் போயிற்று. மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. "நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போம்மா" என்று பிள்ளையின் அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

"அனுப்பாதீங்க சார்" என்றார் செங்கமலம், அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு. "படுக்கையை விட்டே எழுந்திருக்கக் கூடாது. இதயத்தைப் பார்க்கணும்."

"கிருமி தொண்டையைத் தாண்டவே இல்லையே டாக்டரம்மா. அதுவும் செத்தாச்சு. இதயத்துக்கு என்ன வந்தது?"

செங்கமலம் பதில் சொல்வதற்குள் ஒரு நெடி வந்தது பாருங்கள், இருவருக்கும் கண்ணில் தண்ணீர். மகள் பிழைத்த சந்தோஷத்தில் அந்த அம்மா அவளுக்குச் சுற்றிப்போட்டு, மிளகாயைப் பக்கத்துச் சமையலறை அடுப்பில் போட்டிருந்தாள். யாகப்பன் ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு, இருமிக்கொண்டே வந்தார்.

"மிளகாய் என்னாச்சு?" என்றார் செங்கமலம்.

"கருகிப்போச்சு."

"இந்த ரூமுக்குள்ள ஒரு மிளகாயாவது வந்துச்சா?"

"இல்லை."

"அப்புறம் ஏன் இருமறீங்க?"

யாகப்பன் போய் ஜன்னலைத் திறந்தார்.

"எதிர்நஞ்சு போட்டோமே. கிருமி விட்ட நஞ்சு, இந்த நெடி மாதிரி, வெளியே போயிருக்குமே?"

"காத்துல இருந்தது போயிருக்கும். உள்ளே ஏறினது?"

"அதுக்கு என்ன மருந்து?"

செங்கமலம் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார். "இருமல் அடங்கற வரைக்கும் யாராவது பக்கத்துல இருக்கணும்."

யாகப்பன் நேரே வார்டுக்குப் போனார்.

"நாளைக்குன்னு சொன்னீங்களே சார்?" அம்மாவின் முகம் சுருங்கியது.

"தப்பா சொல்லிட்டேன்மா."

கட்டில் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். மறுவாரம் ஒரு காலையில் பிள்ளையின் நாடி தடுமாறியது. அவர் விரல் அதன்மேல்தான் இருந்தது. உடனே எல்லோரையும் கூப்பிட்டார். நல்லவேளை, பிள்ளை தப்பித்தது.

பிறகு ஒருநாள் பூங்கோதை அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். வாசலில் நின்ற செங்கமலத்திடம் அம்மா கேட்டாள்.

"பிள்ளை தப்பிச்ச அன்னைக்கு சார் என்ன மருந்து குடுத்தாரும்மா?"

"பக்கத்துல உட்கார்ந்தாரு."